ஜீப்பில் மலையேறிய சாமி

கல்வராயன் மலைக்குள் ஜீப்பில் போய்வருவது, அதுவும் முன் சீட்டில் உட்கார்ந்து, அதுவும் பெண்டாட்டி இல்லாமல் என்று தெய்வசிகாமணி ஒரு தீர்மானம் எடுத்தார். எடுத்த இடம் கரும்புத் தோட்டத்து மோட்டார் கொட்டகை. சாட்சி, மோட்டார். கரண்ட் இல்லாததால் அதுவும் அன்றைக்கு வாயைத் திறக்கவில்லை.

எண்பத்தேழாம் வருஷம். புரட்டாசி பிறந்ததும் பிறக்காததுமாக இட ஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல் ஆரம்பித்துவிட்டது. ஒரு வாரத்துக்கு ஒரு வண்டியும் ஓடாது என்றார்கள், ஓடவில்லை. தியாகதுருகத்திலிருந்து சின்னசேலம் வரை ரோட்டில் மரங்கள் படுத்துக் கிடந்தன. பல ஊர்களில் அந்த வாரம் கண்ணீரோடு கழிந்தது. அதைச் சிரித்துக்கொண்டு சொல்ல முடியாது. கள்ளக்குறிச்சிக்கு மேற்கே கச்சிராயபாளையம் போகிற வழியில் இருந்த இந்தச் சின்ன ஊருக்கு மட்டும் அது வேறு மாதிரி வந்தது. பிள்ளைகள் நடுரோட்டில் கில்லி விளையாடினார்கள். பெரியவர்கள் அதே நடுரோட்டில் துண்டை விரித்துப் படுத்தார்கள். ஆரன் சத்தம் இல்லாத அந்தக் காலை நேரங்களில் மலை நாலடி கிட்டே வந்து நின்ற மாதிரி இருக்கும். அதை நினைத்தால் தெய்வசிகாமணிக்கு இன்றைக்கும் மனசு இளகிவிடும்.

அமைதியெல்லாம் ரோட்டில்தான். வீட்டில் மாமியார் இருந்தார்.

லட்சுமியம்மாள் விநாயகர் சதுர்த்திக்கு ஆத்தூர்ப் பக்கத்திலிருந்து மகள் வீட்டுக்கு வந்தவர். கொழுக்கட்டை தீர்ந்து மூன்று வாரம் ஆயிற்று, அவர் கிளம்புகிற வழியாக இல்லை. ஒருவழியாகப் பையைக் கட்டி வாசலில் வைத்த அன்றைக்குப் பார்த்துப் பஸ் நின்றுவிட்டது. ரோடு திறக்கட்டும் மாப்பிள்ளை என்று சொல்லிப் பையை மறுபடியும் உள்ளே தூக்கிக்கொண்டு போனார். போராட்டத்துக்கு அரசாங்கம் சீக்கிரம் ஒரு பதில் சொல்ல வேண்டும் என்று அந்த ஊரில் தெய்வசிகாமணி அளவுக்கு வேண்டிக்கொண்டவர் யாருமில்லை.

இந்த நேரத்தில்தான் மோட்டார் கொட்டகைக்குச் செல்லமுத்து வந்தான். ஏலத்தில் எடுத்த பழைய ஜீப் ஒன்றை வாடகைக்கு ஓட்டுகிற சிநேகிதன். சவாரி இல்லாமல் ஜீப் சும்மா நிற்கிறது, மலைப்பக்கம் மறியல் இல்லை என்று ஆரம்பித்தான். வெள்ளிமலை வரைக்கும் பஸ் போகிற ரோடு. அதற்கப்புறம் காடு. ரோடு கிடையாது, ஒன்றும் கிடையாது. மலைக்காரர் இருசப்பன் வழிகாட்டிக்கொண்டு கூடவே வருவார். பாறை, ஓடை, அருவி எல்லாம் ஜீப்பிலேயே ஏறி இறங்கலாம். ஒரு நாட்டுக்கோழியும் பிடித்து வைத்திருக்கிறேன் என்று கடைசியாகச் சொன்னான்.

புரட்டாசியில் தெய்வசிகாமணி வீட்டில் முட்டை என்று சத்தமாகச் சொன்னாலே வாயைக் கழுவ வேண்டும். கோழி என்ற சொல் காதில் விழுந்ததும் அவருக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனாலும் கோழியைவிட முன் சீட்டுதான் பெரிய ஆசை. சின்ன வயசில் ஒரு வனத்துறை அதிகாரி ஜீப்பில் ஒரு காலை வெளியே தொங்கவிட்டுக்கொண்டு மலைக்குப் போனதை அவர் பார்த்திருக்கிறார். அந்தக் காலாகத் தன் கால் ஒருநாள் இருக்க வேண்டும் என்று முப்பது வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தார்.

ராத்திரிச் சாப்பாட்டின்போது பேச்சைப் பக்குவமாக எடுத்தார். மலையில் சாமை நல்ல சாமையாகக் கிடைக்கிறதாம், ஒரு நடை போய்வரலாமென்று பார்க்கிறேன் என்றார். பெண்டாட்டி காசியம்மாள் ரசத்தை ஊற்றிக்கொண்டே பதில் சொன்னாள்.

"எங்கம்மாவ ஊர்ல கொண்டுபோய் வுட ரோடு இல்ல. உங்களுக்கு மட்டும் மலைக்கு ரோடு இருக்குதா? ஒண்ணும் போவ வேணாம்."

அவள் சொன்னால் சொன்னதுதான். அந்த வீட்டில் அவளுக்கு மேலே ஓட்டுக்கூரை, அதற்கும் மேலே பெருமாள். ஓட்டுக்கூரையால் ஆகப்போவது ஒன்றுமில்லை. ஆகவே தெய்வசிகாமணி பெருமாளைப் பிடித்தார்.

முதல் புரட்டாசிச் சனிக்கிழமை. பெருமாள் கோயிலில் பஜனை. மூன்றாவது கோவிந்தாவில் அவர் உடம்பு உதறியது. நாலாவதில் துண்டு பறந்தது. ஐந்தாவதில் ஆட ஆரம்பித்துவிட்டார். பஜனை நின்றது. தெருவே கையெடுத்துக் கும்பிட்டு நின்றது. காசியம்மாள் கற்பூரத் தட்டோடு எதிரில் வந்தாள்.

"யாரு வந்துக்கிறது?"

"மலைமேல இருக்கிறவன் வந்துக்கிறேன்."

"எந்த மலை சாமி? திருப்பதி மலையா?"

"இல்ல, இல்ல. கல்வராயன் மலை."

"இன்னா வேணும் சாமி?"

"இவன மலைக்கு அனுப்பு. நாளைக்கே அனுப்பு. ஜீப்புல அனுப்பு."

கருடன் என்ன ஆயிற்று என்று கூட்டத்தில் ஒருவர் சந்தேகம் கேட்டார். அதுவும் மறியலில் மாட்டிக்கொண்டிருக்கும் என்று இன்னொருவர் தீர்த்துவைத்தார். காசியம்மாள் ஒரு வார்த்தை மறுக்கவில்லை. சாமி உத்தரவு, அப்படியே அனுப்புகிறேன் என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். காரியம் பழம் என்று தெய்வசிகாமணிக்கு உள்ளே குளிர்ந்தது.

எல்லாவற்றையும் யோசித்தவர் ஒன்றை யோசிக்கவில்லை. வந்த சாமி சும்மா இறங்கிப் போகாது. எங்கள் பக்கத்தில் அதற்கு மலையேறுவது என்று பெயர். மலையேற வேண்டுமென்றால் எரிகிற கற்பூரத்தை நாக்கில் வாங்கி விழுங்க வேண்டும். உண்மையான சாமிக்கு அது சுடாது.

"மலையேறுங்க சாமி. நாக்க நீட்டுங்க," என்றாள் காசியம்மாள். தட்டிலிருந்து வெற்றிலையில் எடுத்த கற்பூரம் அவள் கையில் ஒரு சாண் உயரத்துக்கு எரிந்தது.

சாமி பின்வாங்கியது. "துளசித் தண்ணி குடு. அது போதும்."

"அது எங்களுக்கு. சாமிக்குக் கற்பூரந்தான்." அவள் ஒரு நிமிஷம் அவர் முகத்தைப் பார்த்தாள். "சாமிக்கு இன்னும் ஏதோ சொல்ல பாக்கி இருக்குது போல. இவரு ஒண்டியா வரணுமா, பொண்டாட்டியோட வரணுமா?"

"ஒண்டி..."

கற்பூரம் ஒரு விரற்கடை கிட்டே வந்தது. மீசை கருகுகிற வாசம் அடித்தது.

"பொண்டாட்டியோட."

"எங்கம்மா?"

சாமி முழித்தது. சுடர் இன்னும் கிட்டே வந்தது.

"மாமியாரோட."

"வெறதம்?"

"இருக்கணும்."

"பீடி?"

"தொடக் கூடாது."

"கால்ல செருப்பு?"

"வெறுங்கால்."

காசியம்மாள் கற்பூரத்தைத் தட்டில் போட்டு அணைத்தாள். கை நிறையத் துளசித் தண்ணீரை எடுத்து அவர் முகத்தில் அறைந்த மாதிரி தெளித்தாள். சாமி மலையேறிவிட்டது என்று ஊருக்கு அறிவித்தாள். தெய்வசிகாமணி தரையில் உட்கார்ந்து, ஒன்றும் நினைவில்லாதவர் போல, என்ன நடந்தது என்று கேட்டார். நடந்ததை அவள் ஒன்றுவிடாமல் சொன்னாள். செருப்பையும் விடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை விடியும்போது ஜீப் வாசலில் நின்றது. நாடெல்லாம் இட ஒதுக்கீட்டுக்காகப் போராடிக்கொண்டிருந்த அந்த வாரத்தில், தெய்வசிகாமணி வீட்டு வாசலில் இட ஒதுக்கீடு ஒரே நிமிஷத்தில் முடிந்தது. முன் சீட்டில் லட்சுமியம்மாள். அவரை ஒட்டிக் காசியம்மாள். பின்னால் ஒரு ஸ்டெப்னி டயர், ஒரு டீசல் டப்பா, காலைக் கட்டிப் போட்ட நாட்டுக்கோழி, தெய்வசிகாமணி. கோழியும் அவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

வளைவுகளில் ஜீப் ஏறியது. முன்னால் இருவரும் கோவிந்தா சொல்ல, பின்னால் டயர் இவர் மடிக்கு வந்து வந்து போயிற்று. வெள்ளிமலையில் இருசப்பன் ஏறிக்கொண்டார். உள்ளே வரச் சொல்லியும் கேட்காமல் முன் மட்கார்டில் உட்கார்ந்து, கையாலேயே வழி காட்டினார். சாமைக் கொல்லையைத் தாண்டினார்கள். கடுக்காய் மரங்களைத் தாண்டினார்கள். பிறகு தாண்டியதெல்லாம் பாறை. பின்னால் இருந்தவருக்குத் தன் உடம்பில் எத்தனை எலும்பு இருக்கிறது என்பது தனித்தனியாகத் தெரிய வந்தது. கடைசியில் ஓர் ஓடையின் நடுவில் ஜீப் மூக்கைக் குத்தி நின்றது. எதிரே ஆடு மட்டும் போகக்கூடிய சந்து.

இது என்ன வழி என்று செல்லமுத்து கத்தினான். இருசப்பன் கோபித்துக்கொள்ளவில்லை.

"அருவிக்கு வழி கேட்டீங்க, காட்டினேன். வண்டி போற வழியா கேட்டீங்க?"

தள்ளுவதற்கு ஆள் தேவைப்பட்டது. விரதக்காரர், வெறுங்கால்காரர், சாமியின் அருள் பெற்றவர் ஒருவர் பின்னால் இருந்தார். பெண்கள் இறங்கட்டுமா என்று அவர் மெல்லக் கேட்டார். மாமியார், தனக்கு முட்டி வலி என்றும் மாப்பிள்ளை உடம்பில் இன்னும் சாமியின் பலம் இருக்கும் என்றும் சொன்னார். மாப்பிள்ளை முழங்கால் தண்ணீரில் நின்று தள்ளினார். சக்கரம் சுழன்று சேற்றை வாரி அவர்மேல் அபிஷேகம் செய்தது. ஜீப் பக்கவாட்டில் கரையேறியது.

ஏறிய இடத்தில் காடு விலகி, கீழே சமவெளி முழுக்கத் தெரிந்தது. அடிவாரத்து அணைத் தண்ணீர் ஒரு கண்ணாடித் துண்டாகக் கிடந்தது. காசியம்மாள் ஜீப்பிலேயே எழுந்து நின்றாள்.

"தோ பாருங்க, நம்ம மோட்டார் கொட்டா."

அது அவர்கள் கொட்டகைதானா என்பது பெருமாளுக்கே வெளிச்சம். ஆனால் அவள் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றாள். மல்லாட்டைக் கொல்லையில் கடலைச் செடிக்கு நடுவே களை வெட்டும்போதெல்லாம் நிமிர்ந்து இந்த மலையைத்தான் பார்ப்பேன், இங்கே நின்றால் நாம் எப்படித் தெரிவோம் என்று நினைத்துக்கொள்வேன் என்றாள். கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷத்தில் அவள் அப்படிப் பேசி அவர் கேட்டதில்லை. சேறு வழிகிற முகத்தோடு நின்ற தெய்வசிகாமணிக்கு, இவளை விட்டுவிட்டுத் தனியாக வரப் பார்த்தோமே என்று வெட்கமாக இருந்தது. வெட்கத்தோடு கொஞ்சம் சந்தோஷமும் இருந்தது.

அருவியில் அவள் புடவையோடு போய் நின்று சிரித்த சிரிப்பு பாறையில் பட்டுத் திரும்பியது. மாமியார்கூட அழகாக இருந்தார் என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். செல்லமுத்துவும் இருசப்பனும் தள்ளி ஒரு பாறைக்குப் பின்னால் அடுப்பு மூட்டிக் கோழியைச் சமைத்துச் சாப்பிட்டார்கள். காற்று அந்தப் பக்கமிருந்து இந்தப் பக்கம் வீசியது. விரதக்காரர் அருவியைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்.

திரும்பி இறங்கும்போது காசியம்மாள் ஒரு காலை ஜீப்புக்கு வெளியே தொங்கவிட்டுக்கொண்டு, இன்னும் கொஞ்சம் வேகமாகத்தான் போங்களேன் என்றாள்.

அதெல்லாம் ஆகி எத்தனையோ வருஷம். மாமியார் போய்விட்டார், ஜீப் போய்விட்டது, செல்லமுத்துவும் போய்விட்டான். மீசையில் அந்த இடத்தில் மட்டும் முடி இன்னும் கோணலாகத்தான் முளைக்கிறது. தெய்வசிகாமணி அந்த நாளை மனசுக்குள் எடுத்துப் பார்க்காத வாரம் கிடையாது.

போன மாசம் பேத்தி தனுஷா சிநேகிதிகளோடு எங்கோ ஒரு மலைக்குப் போய்வந்து, போனில் படம் காட்டினாள். பருத்த டயர் வைத்த நாலு சக்கர பைக். தலையில் ஹெல்மெட், முன்னால் வழிகாட்டுகிற ஆள், சுற்றிலும் காடு, மூக்கு நுனி வரைக்கும் சேறு. தாத்தா, நீங்கள் இந்த மாதிரியெல்லாம் போனதுண்டா என்று கேட்டாள். தாத்தா ஆரம்பித்தவர் விடவில்லை. ஜீப், ஓடை, கற்பூரம் எல்லாம் சொன்னார். சாமி வந்ததாகவே சொன்னார். பேத்தி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துவிட்டுத் தூங்கப் போனாள்.

காசியம்மாள் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். இத்தனை வயசுக்கு மேல் பொய்யை வைத்துக்கொண்டு என்ன செய்ய, சொல்லிவிடுவோம் என்று அவருக்குத் தோன்றியது. சொன்னால் அவள் எவ்வளவு அதிர்ந்துபோவாள் என்று கொஞ்சம் பயமாகவும், உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. எது எப்படிப் போனாலும் அன்றைக்கு அவளை ஏமாற்றித்தானே மலைக்குப் போனார்.

"காசி, அன்னிக்கி எனக்குச் சாமி வந்தது பொய்யி."

"தெரியும்."

"கற்பூரத்தக் காட்டினப்ப கண்டுபுடிச்சியா?"

"அதுக்கும் மின்னாடியே. செல்லமுத்து அண்ணன மோட்டார் கொட்டாய்க்கு அனுப்பி வச்சதே நாந்தான்." கீரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "வவுத்து வலி, ஆஸ்பத்திரிக்குப் போறேன்னு சொல்லிட்டு ஜீப்புல கெளம்புவீங்க, நானும் ஏறிக்கலாம்னு பாத்துக்கினு இருந்தேன். பெருமாளையே இட்டாருவீங்கன்னு யாரு கண்டா."

தெய்வசிகாமணியின் கை மீசையின் கோணலுக்குப் போயிற்று.

"அப்புறம் எதுக்குடி சோறு போடறப்ப என்ன மலைக்குப் போவ வேணாம்னு சொன்ன?"

"கூட்டினு போங்க, கூட்டினு போங்கன்னு பன்னெண்டு வருசம் கேட்டுப் பாத்தேன்," என்றாள் காசியம்மாள். "அதுக்கப்புறந்தான் போவாதீங்கன்னேன்."