வற்றாத டப்பாவும் வறட்டு இருமலும்

ஊரே பழைய சினிமாக் கொட்டகைக்கு ஓடியது. படம் பார்க்க அல்ல. அங்கே படம் ஓடி ஏழு வருஷமாச்சு. டப்பா பார்க்க!

மேடையில் கிழிந்த திரையை ஒட்டி ஒரு மேஜை. மேஜைமேல் ஒரு பெரிய தகர டப்பா. டப்பா நிறைய அரிசி. பக்கத்தில் வற்றாக்கை மகான். கையில் நீளக் கரண்டி. ஒரு கரண்டி அள்ளி ஒருவர் பையில் போடுவார். இன்னொரு கரண்டி அள்ளி அடுத்தவர் பையில் போடுவார். வரிசையில் நூறு பேர் வாங்கிக்கொண்டு போன பிறகும் டப்பா நிறைய அரிசி இருக்கும். நடுநடுவே மகானுக்கு இருமல் வரும். அருள் தொண்டை வழியாக இறங்குவதால் வரும் இருமலாம் அது. சளியாக இருக்கலாமோ என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. மகானுக்கெல்லாம் சளி பிடிக்குமா?

"எப்படிங்க இது?" என்று புதிதாக வந்த ஒருவர் கேட்டார்.

வரிசையில் முதல் ஆளாக நின்ற கணக்கு வாத்தியார் திரும்பினார். முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் கழித்தல் கணக்கு சொல்லிக்கொடுத்தவர். "முடிவிலின்னு ஒண்ணு இருக்கு. அதுலேர்ந்து எவ்வளவு கழிச்சாலும் மிச்சம் முடிவிலிதான். இது முழுக்க முழுக்க கணிதம்!" என்றார். அவரிடம் படித்த பிள்ளைகளை நினைத்து நாம் பெருமூச்சு விட்டுக்கொள்ளலாம்.

ஊர் ஏன் இப்படி டப்பாவில் விழுந்தது? போன வருஷ வெள்ளத்தில் பாலம் மூழ்கிப் பதினோரு நாள் ஒரு வண்டியும் உள்ளே வரவில்லை. கடைகளில் பலகை மட்டும்தான் மிச்சம். அன்று பட்ட பயம் யாருக்கும் தெளியவில்லை. இந்த வருஷம் மழைக்கு முன்பே ஆளுக்கொரு டிரம் வாங்கி அரிசி, பயறு, மெழுகுவத்தி, டார்ச், மருந்து என்று சேர்த்து வைத்தார்கள். நல்ல காரியம்தான். நல்ல காரியம் நடக்கும் இடத்துக்கு மோப்பம் பிடித்து வருகிறவர்களும் உண்டு. மகான் வந்து சேர்ந்தார்.

அவர் சொன்ன வழி சுலபமானது. டிரம்மைக் கொண்டு வரணும். அதில் முக்கால் பங்கை அவரிடம் கொடுத்துவிடணும். மிச்சக் கால் பங்கோடு மூடி, மேலே கறுப்பு அரக்கு உருக்கி முத்திரை வைப்பார். கால் பங்கு எத்தனை நாளானாலும் வற்றாது.

"முக்கால் எதுக்குங்க எடுக்கணும்?" என்று யாரோ கேட்டதற்கு மகான் கனிவாகச் சிரித்தார். "நிறைஞ்ச டிரம்முக்குள்ள அருள் எங்கப்பா உக்காரும்?"

அடடா! அருளுக்கு உட்கார இடம் வேண்டுமே! ஜனங்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

இன்னொரு நிபந்தனை. ஆபத்து வரும்வரை முத்திரையை உடைக்கக் கூடாது. சந்தேகப்பட்டுத் திறந்தால் சக்தி பறந்துவிடும். என்ன அருமையான நிபந்தனை பாருங்கள்! ஆபத்து வரும்போது பாலம் மூழ்கியிருக்கும். மகான் பாலத்துக்கு அந்தப் பக்கம் இருப்பார்.

அந்த ஊர் ஆஸ்பத்திரிச் சமையலறையில் சாமான் அறையைப் பார்த்துக்கொள்கிற ஒரு பெண்மணி உண்டு. எல்லோருக்கும் அவர் ஸ்டோர் அக்கா. இருநூறு நோயாளிகளுக்கு மூன்று வேளைச் சாப்பாட்டுச் சாமான் அவர் சாவியில்தான். எந்த மூட்டை எந்தத் தேதியில் வந்தது, எது முதலில் போகணும், எதில் ஈரம் ஏறியிருக்கிறது என்பதெல்லாம் மூட்டையைத் தட்டியே சொல்லிவிடுவார். போன வெள்ளத்தில் அவர் வீட்டில் மட்டும் பதினோரு நாளும் அடுப்பு எரிந்தது. ஆனால் எல்லாமே அளவுதான். அவர் வீட்டுக்காரர், கடைத்தெருத் தையல்காரர், இன்னொரு கரண்டி கேட்டுக் கேட்டு ஓய்ந்துபோனார்.

அந்த ஏக்கம்தான் அவரைக் கொட்டகைக்கு இழுத்தது.

அன்று அக்கா வேலை முடிந்து வீட்டுக்குள் நுழைந்ததும் டிரம்மைப் பார்த்தார். மேலே கறுப்பு முத்திரை. தட்டிப் பார்த்தார். டொங் என்றது.

"என்னங்க இது?"

"நீ கத்தாம கேளு," என்று தையல்காரர் இரண்டடி பின்வாங்கினார். "இனிமே அளந்து போட வேண்டாம். அள்ளி அள்ளிப் போடலாம். வற்றவே வற்றாது."

"முக்கால் டிரம் எங்க?"

"அருளுக்கு இடம் விட்டிருக்கு."

அக்கா அலமாரியைத் திறந்தார். டார்ச்சை அழுத்தினார். எரியவில்லை. திருகிப் பார்த்தால் உள்ளே நாலுக்கு ஒரே ஒரு பேட்டரி.

"முக்கால் கணக்குதான்," என்றார் தையல்காரர், குரல் இறங்கி. "மீதியை அருள் பாத்துக்கும்."

உள்ளே கட்டிலிலிருந்து அவருடைய அம்மாவின் குரல் வந்தது. "டேய், என் சக்கரை மாத்திரை எங்கடா? நாலு அட்டை இருந்துச்சு. ஒண்ணுதான் இருக்கு!"

தையல்காரர் தன் கால் விரல்களை எண்ணிக்கொண்டு நின்றார்.

"மாத்திரையையுமா?" என்றார் அக்கா மெதுவாக. அந்த மெதுவுக்குத் தையல்காரர் பயந்த மாதிரி கத்தலுக்குப் பயந்திருக்க மாட்டார். "அத்தைக்கு மாத்திரை இல்லாம மழைக்காலத்தை ஓட்டலாம்னு நினைச்சீங்களா? பாலம் போனா ஆஸ்பத்திரிக்கு மருந்து வண்டி வராது. நான் அங்கதான் வேலை பாக்கறேன், எனக்குத் தெரியாதா?"

"நான் கண்ணால பாத்தேன்மா. டப்பா குறையவே இல்ல."

"நாளைக்கு ஞாயித்துக்கிழமை. நானும் கண்ணால பாக்கறேன்."

மறுநாள் காலை கொட்டகையில் கூட்டம் பிதுங்கி வழிந்தது. அக்கா ஒரு வாளி பச்சைப் பயறோடு வரிசையில் நின்றார். பின்னால் தையல்காரர், திருவிழா அன்று பள்ளிக்கூடம் போகச் சொன்ன பிள்ளையின் முகத்தோடு. அக்காவின் முறை வந்தது. மகான் கரண்டியை நீட்டினார்.

"எனக்கு அரிசி வேணாங்க. எங்க வீட்ல பயறுதான் அதிகம் செலவாகும். பயறும் வற்றாதா?"

"என் கை பட்டா எதுவும் வற்றாது, தாயே."

"அப்ப டப்பாவுல அரிசியை எடுத்துட்டு இந்தப் பயறைப் போட்டு அள்ளுங்க. நூறு கரண்டி வேணாம். முப்பது போதும்."

மகானின் சிரிப்பு முகத்திலேயே காய்ந்தது. "அது… இன்னிக்கு நாள் சரியில்லை."

அவரை யார் மாட்டிவிட்டது தெரியுமா? எதிரிகள் இல்லை. அவருடைய பக்தர்கள்தான்! "காட்டுங்க மகானே! இந்தம்மா வாயை அடைங்க!" என்று கணக்கு வாத்தியார் துள்ளினார். "காட்டுங்க! காட்டுங்க!" என்று கொட்டகை அதிர்ந்தது. நாலு பேர் மேடையேறி டப்பாவில் இருந்த அரிசியைச் சாக்கில் வாரினார்கள். அக்கா வாளியைக் கவிழ்த்தார். கவிழ்க்கும்போது டப்பாவின் உள்ளே, பின்பக்கத் தகரத்தில், கைமுஷ்டி அளவு ஓட்டை ஒன்று கண்ணில் பட்டது. அதை மனதில் வைத்துக்கொண்டு கீழே இறங்கி நின்றார்.

மகான் அள்ளினார். பச்சைப் பயறு. பத்துக் கரண்டி. "போதும், அருள் நிறைஞ்சாச்சு," என்றார்.

"முப்பது!" என்றது கூட்டம், பக்தியோடு.

பதினைந்து. இருபது. இருபத்திரண்டாவது கரண்டி அடித்தகரத்தில் உரசிக் கறக் என்றது. கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டது. மகான் நெற்றியில் வியர்வை. அரிசித் தூசி வேறு தொண்டையில் ஏறிவிட்டது. அடக்கினார், அடக்கினார், முடியவில்லை.

"லொக்!"

டப்பாவுக்குள் சரசரவென்று சத்தம். மகான் கரண்டியை எடுத்தார். வெள்ளை வெளேரென்று அரிசி!

முன்வரிசை எட்டிப் பார்த்தது. பிறகு கணக்கு வாத்தியார் இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கினார். "பயறு அரிசியாயிடுச்சு! இது அதைவிடப் பெரிய அற்புதம்!"

அவ்வளவுதான், கொட்டகையே குப்புற விழுந்தது. சிலர் அழுதார்கள். ஒருவர் வீட்டில் உள்ள உப்பைச் சர்க்கரையாக்க முடியுமா என்று விசாரித்தார். மகானுக்கே தன்மேல் பக்தி வந்துவிட்டது போல் நிமிர்ந்து நின்றார்.

அக்காவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. சிரித்துக்கொண்டே மேடையேறினார். டப்பாவின் இரண்டு காதையும் பிடித்து மேஜையின் முன்பக்கமாக ஓர் இழுப்பு இழுத்தார்.

திரையின் கிழிசலிலிருந்து குழாய் ஒன்று மூக்கை நீட்டிக்கொண்டிருந்தது. அதிலிருந்து அரிசி அருவியாகக் கொட்டி மேஜையில் விழுந்து மேடையெல்லாம் ஓடியது.

"லொக் லொக்," என்று மகான் இருமினார். அரிசி நின்றது. ஆனால் தூசி தூசிதானே? மறுபடி "லொக்!" அரிசி கொட்டியது. "லொக் லொக்!" நின்றது. "லொக்!" கொட்டியது. ஒரு இருமலுக்கு ஊற்று, இரண்டு இருமலுக்கு நிறுத்து. முன்வரிசைக்கு முதலில் புரிந்தது, பிறகு நடுவரிசைக்கு. மகானுக்கோ புகை போட்ட தேன்கூட்டிலிருந்து ஈ கிளம்புகிற மாதிரி இருமல் நிற்கவே இல்லை. அரிசி வருவதும் நிற்பதுமாகக் கிடந்து தவித்தது. கடைசியில் தாங்க முடியாமல் கத்தினார்: "மச்சான், நிறுத்துடா!"

திரைக்குப் பின்னால் உயரத்திலிருந்து ஒரு சலித்த குரல் கேட்டது. "ஊத்தணுமா, நிறுத்தணுமா? ஒழுங்கா இருமித் தொலைங்க மாமா!"

கொட்டகை வெடித்தது. சிரிப்பு, சிரிப்பு, ஏழு வருஷத்துக்கு முன் ஓடிய எந்தப் படத்துக்கும் அப்படிச் சிரித்திருக்க மாட்டார்கள். திரையை யாரோ இழுக்க அது பொத்தென்று விழுந்தது. ஏணிமேல் மச்சான், கையில் மூட்டை, வாய் திறந்தபடி. அவனைச் சுற்றி மலை மலையாக ஊரின் முக்கால் பங்கு: அரிசி, பயறு, பேட்டரி, மெழுகுவத்தி, மருந்து. பின்வாசலில் ஒரு லாரி, பாதி ஏற்றிய நிலையில். பாலத்துக்கு அந்தப் பக்கம் உள்ள மண்டிக்குப் போகிறதாம். ஜனங்களின் அரிசியைத்தான் ஜனங்களுக்கே கரண்டி கரண்டியாகக் காட்டியிருக்கிறார்! இனிமேல் என்ன "இருக்கிறார்"? இருக்கிறான்.

"நான் திருடினேனா?" என்று அவன் எகிறினான். "நீங்களே தூக்கிட்டு வந்து குடுத்தீங்க! வரிசையில நின்னு குடுத்தீங்க!"

அன்று அவன் வாயிலிருந்து வந்த ஒரே உண்மை அதுதான்.

போலீஸ்காரர்கள் வரும்வரை நாலு பேர் இருவரையும் மூட்டைகளுக்கு நடுவே உட்கார வைத்தார்கள். தையல்காரர் மருந்துக் குவியலின் பக்கத்தில் மண்டி போட்டுத் தேடிக்கொண்டிருந்தார். அரை மணி நேரம் தேடினார். அம்மாவின் பெயர் எழுதிய மூன்று அட்டையும் கிடைத்ததும் சட்டைப் பைக்குள் வைத்து, மேலே கையை வைத்து அழுத்திக்கொண்டார்.

"அம்மாகிட்ட நீயே குடுத்துடு. எனக்கு முகம் இல்ல," என்றார்.

"நீங்கதான் குடுக்கணும். திட்டுவாங்க. வாங்கிக்கோங்க," என்றார் அக்கா.

மற்றவர்கள் அரிசிக்குச் சண்டை போட ஆரம்பித்திருந்தார்கள். "இது என் அரிசி!" "அரிசியில உன் பேரா எழுதியிருக்கு?" அக்கா மேஜைமேல் ஏறி நின்று, வீட்டில் எத்தனை பேரோ அத்தனை பங்கு என்று அளந்து போட வைத்தார். அவர் அளப்பதைப் பார்த்து முதல் தடவையாகத் தையல்காரர் முகம் சுளிக்கவில்லை. வீட்டுக்குப் போய் முத்திரையை உடைத்தபோது உள்ளே அருள் இல்லை. வண்டு இருந்தது. குடும்பத்தோடு இருந்தது. அரிசியைப் புடைத்து, காய வைத்து, டிரம்மைத் துடைத்து மறுபடி நிரப்பினார்கள்.

மூன்று வாரத்தில் மழை பிடித்தது. பாலம் ஒன்பது நாள் மூழ்கியது. ஒரு வீட்டிலும் அடுப்பு அணையவில்லை. அத்தை நாள் தவறாமல் மாத்திரை போட்டுக்கொண்டு, மகனை நாள் தவறாமல் திட்டினார்.

தண்ணீர் வடிந்த மறுநாள் காலை ஸ்டோர் அக்கா கதவைத் திறந்தால் வாசலில் நீண்ட வரிசை. ஆளுக்கொரு டிரம். முதல் ஆள் யார்? கணக்கு வாத்தியாரேதான்!

"நீங்க அளந்து போட்டது ஒன்பது நாளும் வத்தவே இல்லம்மா. உங்க கையால இந்த டிரம்மைத் தொட்டுக் குடுங்க. ராசியான கை!"

அக்கா தலையில் அடித்துக்கொண்டார். "சார், என் கையில ஒண்ணும் இல்ல. ஈரம் இல்லாம காய வைங்க. வாங்கின தேதியை மூடியில எழுதுங்க. பழசை முதல்ல சாப்பிட்டுப் புதுசை வாங்கிப் போடுங்க. மாசம் ஒருதடவை திறந்து பாருங்க. அவ்வளவுதான்!"

வாத்தியார் பயபக்தியோடு குனிந்தார். "தேதி எழுதறீங்களே, அந்தப் பேனாவையாவது குடுங்கம்மா. பூஜையில வச்சுக்கறோம்."

"போங்க சார், டிரம்முக்கு மூடி போடுங்க," என்றார் அக்கா. "மூளைக்குப் போடாதீங்க!"