உரக்குழியாரின் முதல் பூ

"பூத்துடுச்சு!" என்று உரக்குழியார் மனைவியின் முகத்தருகே குனிந்து மெதுவாகச் சொன்னார்.

நல்ல தூக்கத்திலிருந்த மனைவி கண்ணைத் திறக்கவில்லை. முதலில் மூக்கைத்தான் பொத்தினாள்.

"என்னங்க இது நாத்தம்! எங்கயோ எலி செத்துக் கிடக்கு!"

அவசரப்பட்டுச் சொல்லியிருக்கக் கூடாது என்று உரக்குழியார் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"ஏதோ பூத்துடுச்சுன்னீங்களே, என்னது?" மனைவி ஒற்றைக் கண்ணைத் திறந்தாள்.

"வேர்த்துடுச்சுன்னு சொன்னேன். எனக்கு வேர்த்துடுச்சு."

அது பொய்யும் இல்லை. அந்த அதிகாலைக் குளிரிலும் அவருக்குக் கழுத்தெல்லாம் வேர்த்திருந்தது.

உரக்குழியார் என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் அல்ல. பகலெல்லாம் ஒரு பல் மருத்துவமனையின் வரவேற்பு மேசையில் உட்கார்ந்திருக்கும் அந்த மனிதருக்கு ஆர்க்கிட் என்றால் உயிர். ஆர்க்கிட்டுகளுக்குத்தான் அவரைக் கண்டால் உயிர் நிற்பதில்லை. முதல் செடிக்குப் பாசம் மிகுதியாகித் தண்ணீர் ஊற்றி ஊற்றி வேரை அழுக வைத்தார். அந்தப் பயத்தில் அடுத்த செடிக்குத் தண்ணீரே காட்டாமல் சருகாக்கினார். அதற்கடுத்ததை வெயில் படட்டும் என்று மொட்டைமாடியில் வைத்து அப்பளமாகப் பொரித்தெடுத்தார். ஒரு கூட்டத்தில் ஆர்க்கிட் சங்கத்துச் செயலாளர் ஒலிபெருக்கியைப் பிடித்துக்கொண்டு, "நம்ம சங்கத்துல எல்லாரும் பூ வளர்க்கறாங்க. இவர் ஒருத்தர்தான் உரம் தயாரிக்கறார்" என்றார். அன்றிலிருந்து அவர் உரக்குழி. வயதுக்கு மரியாதை கொடுத்தவர்கள் மட்டும் 'யார்' சேர்த்துக்கொண்டார்கள்.

இப்போது பூத்திருப்பது சங்கத்தில் யாருமே தொடாமல் விட்ட செடி. உறுப்பினர்கள் தங்களுக்குள் செடி மாற்றிக்கொள்ளும் நாளில் அது மேசை ஓரத்தில் அநாதையாகக் கிடந்தது. செயலாளர் அதன் பெயர்ச்சீட்டைப் படித்துவிட்டு, "ஐயையோ, இதுவா? பூத்தா அழுகின மாமிசம் மாதிரி நாறும். காட்டுல ஈயைக் கூப்பிடறதுக்காக அப்படி நாறுற ஜாதி. யாராவது புண்ணியமாப் போகட்டும்னு எடுத்துட்டுப் போங்கப்பா" என்றார். எல்லோரும் கூரையைப் பார்த்தார்கள். உரக்குழியார் கையை நீட்டினார். ஒதுக்கப்பட்டவரின் வருத்தம் ஒதுக்கப்பட்டவருக்குத்தான் தெரியும்.

வீட்டுக்குள் அதை விடும்போதே மனைவி சொல்லிவிட்டாள். "வெச்சுக்கோங்க. ஆனா அது என்னிக்குப் பூக்குதோ அன்னிக்கு அது குப்பைத்தொட்டியில. நீங்க வாசல்ல."

குளியலறை ஜன்னல் மாடத்தில், மரப்பட்டைத் துண்டுகளுக்கும் பாசிக்கும் நடுவே, அது யாரும் எதிர்பாராமல் பிழைத்தது. பிழைத்ததோடு நிற்காமல், செந்நிறத்தில் கறுப்புப் புள்ளிகள் போட்ட பூங்கொத்து ஒன்றை நாளைக்கு ஆண்டுக் கண்காட்சி என்றிருக்கும்போது இன்று நீட்டிக்கொண்டு நிற்கிறது. கண்காட்சியில் இதுவரை உரக்குழியாரின் பங்கு நாற்காலி போடுவது. இந்த முறையும் வெறுங்கையோடு வந்தால் அதையே நிரந்தரப் பதவியாக்கிவிடுவதாகச் செயலாளர் சிரித்துக்கொண்டே மிரட்டியிருந்தார்.

எழுந்தவுடன் ஓடிப்போய் மோந்து பார்த்தபோது அவருக்கு ஒன்றுமே தெரியவில்லை. வேறு பூவோ என்று பதறினார். பிறகு, 'வளர்க்கறவன் மூக்கு பழகி மரத்துடும், அடுத்தவனுக்குத்தான் தெரியும்' என்று செயலாளர் எப்போதோ சொன்னது ஞாபகம் வந்தது. மனைவி மூக்கைப் பொத்தியதும் கொஞ்சநஞ்சம் இருந்த சந்தேகமும் போய்விட்டது.

சந்தேகம் போனது, ஆபத்து வந்தது. மனைவி எலி தேடக் கிளம்பிவிட்டாள். அலமாரியை நகர்த்தினாள். கட்டிலுக்கடியில் துடைப்பத்தை விட்டுத் துழாவினாள். அவளைக் குளியலறைப் பக்கம் போகவிடாமல் தடுக்க உரக்குழியாரும் கூடவே மண்டியிட்டார்.

"இந்த மூலையில பார்த்தியா?"

"ஐயோ, இங்கதாங்க! இங்கதான் குப்புன்னு அடிக்குது!"

"அப்ப சமையலறையில பார்ப்போம்."

"அங்க எதுக்கு? வீடு பூரா இருக்கு. குளியலறைச் சாக்கடையைத் திறந்து பார்த்துட்டு வரேன்."

"நான் பார்க்கறேன்! நீ இரு, நான் பார்க்கறேன்!"

அவள் துடைப்பத்தைத் தட்டிவிட்டு வருவதற்குள் செடி துணிப்பையில் ஏறியது. உரக்குழியார் காப்பிகூடக் குடிக்காமல் வேலைக்குக் கிளம்பினார். பேருந்தில் பக்கத்தில் இருந்தவரிடம், "பையில ஒரு செடி இருக்குங்க, கொஞ்சம் வாடை அடிக்கும், தப்பா நினைச்சுக்காதீங்க" என்று காதோடு சொன்னார். அந்த மனிதர் விருட்டென்று எழுந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். அப்பேர்ப்பட்ட பூ!

மருத்துவமனையில் பஞ்சு மூட்டைகள் வைக்கும் சின்ன அறையில் அதை ஒளித்தார். மாலைவரை தாக்குப்பிடித்தால் போதும்.

முதலில் வந்தவர் ஒரு பள்ளி ஆசிரியை. பல் சுத்தம் செய்துகொள்ள வந்திருந்தார். உரக்குழியார் மேசைமேல் சாய்ந்து, "டாக்டர் இப்பக் கூப்பிடுவார், உக்காருங்கம்மா" என்றதும் கைக்குட்டையை எடுத்து மூக்கில் வைத்துக்கொண்டார்.

"ஏங்க, இங்க ஏதாவது செத்துக் கிடக்கா?"

"இல்லையே! எனக்கு ஒண்ணும் தெரியலையே!"

அவர் இன்னும் கிட்டே குனிந்து சத்தியம் செய்ய, ஆசிரியை கடைசி நாற்காலிக்குப் போய்விட்டார். உரக்குழியார் ஓடிப்போய்ப் பஞ்சறைக் கதவிடுக்கில் ஈரத்துண்டைச் சொருகினார். கிராம்புத் தைலத்தைக் கூடம் முழுக்கத் தெளித்தார். 'சீக்கிரம் என்னை உள்ள அனுப்புங்க' என்று கேட்க வந்த ஆசிரியையிடம், "இப்பப் பரவாயில்லையாம்மா?" என்று விசாரித்தார்.

"கிராம்பு போட்டு வேக வெச்ச மாதிரி இருக்கு" என்றார் ஆசிரியை, கண்ணில் நீரோடு.

அந்த நேரம் பார்த்து மருத்துவர் முகமூடியைக் கழுத்துக்கு இறக்கிக்கொண்டு வெளியே வந்தார். "என்ன பிரச்சினை?"

"ஒண்ணுமில்ல டாக்டர்" என்று உரக்குழியார் இருவருக்கும் நடுவில் புகுந்தார். "அம்மாவுக்கு ஏதோ வாடை அடிக்குதாம்."

மருத்துவரின் மூக்கு சுருங்கியது. பல் மருத்துவமனையில் வாடை அடித்தால் மருத்துவர் சுவரையா சந்தேகப்படுவார்? பரிதாபமாக ஆசிரியையைப் பார்த்தார்.

"அவங்கவங்க வாய் வாடை அவங்கவங்களுக்கே சில சமயம் இப்படித் தெரியும்மா. பயப்படாதீங்க. உள்ள வாங்க."

உரக்குழியாருக்குத் தூக்கிவாரிப்போட்டது. கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் மருத்துவர் ஒவ்வொரு பல்லாகத் தட்டினார். படம் எடுத்தார். நெற்றியைச் சுருக்கினார். "படத்துல ஒண்ணும் தெரியல. ஆனா இவ்வளவு வாடைக்குக் காரணம் இல்லாம இருக்காது. கடைவாய்ப் பல்லுக்கு அடியில சீழ் ஒளிஞ்சிருக்கலாம். எடுத்துட்டா நிம்மதி."

"ஆனா டாக்டர், வலியே இல்லையே?"

"அதுதான் ஆபத்து."

தட்டில் கருவிகள் உரசும் சத்தம் கேட்டது. உரக்குழியார் மேசைக்கும் பஞ்சறைக்கும் நடுவே தவித்தார். சொன்னால் வேலை போகும், பூ போகும். சொல்லாவிட்டால் ஒரு பாவமும் அறியாத பல் போகும். தன் கையால் செத்த செடிகளெல்லாம் வரிசையாகக் கண்முன் வந்தன. செடிகளோடு நிற்கட்டும், மனிதப் பல்வரை வரவேண்டாம் என்று தோன்றியது.

செடியை மார்போடு அணைத்தபடி கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே பாய்ந்தார்.

"நிறுத்துங்க டாக்டர்! அந்தப் பல்லு நிரபராதி!"

மருத்துவரின் கை அந்தரத்தில் நின்றது. ஆசிரியை வாயைத் திறந்தபடியே திரும்பிப் பார்த்தார்.

"நாறுறது இந்தப் பூ! என் பூ! மோந்து பாருங்க, கிட்ட வந்து பாருங்க!"

மருத்துவர் முகமூடியை இறக்கி, அவர் நீட்டிய செடிக்கு மேலாகக் குனிந்தார். "நல்லா இழுத்துப் பாருங்க டாக்டர்" என்று உரக்குழியார் மூச்சிரைக்க ஊக்கப்படுத்தினார். மருத்துவர் இரண்டடி பின்னால் போய்ச் சுவரில் முட்டிக்கொண்டார்.

"அடக் கடவுளே! இதைத் தூக்கிட்டு வெளிய போய்யா! திங்கக்கிழமை வரைக்கும் இந்தப் பக்கம் தலைகாட்டாதே!"

ஆசிரியை கழுத்தில் கட்டிய காகிதத் துண்டோடு இறங்கி, தன் பற்கள் அனைத்தோடும் தெருவுக்கு ஓடிவிட்டார்.

வீட்டுக்குப் போக முடியாது. உரக்குழியார் சங்கச் செயலாளர் வீட்டு மணியை அடித்தார். நாளைவரை செடியை வைத்துக்கொள்ளும்படி கெஞ்சினார். அவர் கெஞ்சி முடிப்பதற்குள் செயலாளர் மூக்கைப் பிடித்துக்கொண்டார். ஆனால் முகம் மலர்ந்துவிட்டது.

"யோவ், சாதிச்சுட்டீரே! எல்லாரும் சொல்லுவாங்களே, அதே நாத்தம்! நான் வெச்சுக்க மாட்டேன், என் செடிக்கெல்லாம் ஈ மொய்க்கும். ஆனா நாளைக்கு உமக்குத் தனி மேசை. ஊரையே கூப்பிட்டுடறேன்."

"தனி மேசையெல்லாம் வேண்டாங்க. ஓரமா ஒரு இடம்..."

"உம்ம பேச்சை யாரு கேட்டா? தள்ளி நில்லும், தலை சுத்துது."

ஓரமாக ஒரு பூவைக் காட்டிவிட்டு வரலாம் என்றிருந்தவரின் தலையில் இப்போது ஊரே கூடப்போகிறது. பூ நாளைக்குள் வாடிவிட்டால்? நாற்றம் குறைந்துவிட்டால்? கவலையோடு வீட்டுக்கு வந்து, வேறு வழியில்லாமல் பால்கனியில் நின்று, மூடிய கண்ணாடிக் கதவுக்கு வெளியிலிருந்தே மனைவியிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார்.

மனைவி திட்டத்தான் வந்தாள். கண்ணாடி வழியாகப் பூவைப் பார்த்தாள். அதைத் தொட்டிலில் கிடக்கும் பிள்ளைபோல் பிடித்திருந்த கணவரையும் பார்த்தாள்.

"நீங்க வளர்த்ததா? நிஜமாவா?"

"ஆமா. முதல் தடவையா ஒண்ணு என் கையில பொழச்சிருக்கு."

"பார்க்க நல்லாத்தான் இருக்கு" என்றாள் அவள், குரலை இறக்கி. "நாளைக்கு நானும் வரேன். ஆனா இன்னிக்கு நீங்க அங்கயே படுங்க." கதவை லேசாகத் திறந்து ஒரு தலையணையை மட்டும் வெளியே போட்டாள்.

மறுநாள் மண்டபத்தின் மூலையில், திறந்த ஜன்னலருகே தனி மேசை. மேலே 'மூக்கைப் பிடித்துக்கொண்டு பார்க்கவும்' என்று பெரிய எழுத்தில் பலகை. செயலாளர் சும்மா இருக்கவில்லை, வாசலிலேயே ஆளாளுக்குச் சொல்லி அனுப்பினார். கூட்டம் முண்டியடித்தது. அழகழகான ஆர்க்கிட்டுகள் கேட்பாரற்று நின்றன. ஒவ்வொருவரும் பூவிடம் தயங்கித் தயங்கி வருவார்கள். உரக்குழியார் பக்கத்தில் குனிந்து, "பயப்படாதீங்க, மெதுவா மோந்து பாருங்க" என்பார். அவ்வளவுதான், "ஐயோ!" என்று அலறிச் சிரித்துக்கொண்டு ஓடுவார்கள். ஓடியவர்கள் இன்னும் நாலு பேரை அழைத்து வந்தார்கள். மருத்துவர்கூட முகமூடியோடு வந்து தூரத்தில் நின்று கையசைத்தார். மனைவி மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து, முந்தானையை மூக்கில் வைத்தபடி, "எங்க வீட்டுக்காரர் பூ" என்று பக்கத்திலிருந்தவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

உரக்குழியாரின் கண் மட்டும் வாசலிலேயே இருந்தது. நடுவர் இன்னும் வரவில்லை.

வந்தார். வெளியூர்ச் சங்கத்திலிருந்து அழைக்கப்பட்ட அம்மையார். ஒல்லியான உடம்பு, கழுத்தில் தொங்கும் பூதக்கண்ணாடி, சிரித்து யாரும் பார்த்திராத முகம். மண்டபம் அடங்கியது. பயத்தில் உரக்குழியார் உதட்டை இறுக மூடி, மூச்சைப் பிடித்துக்கொண்டு, சிலைபோல நின்றார்.

நடுவர் குனிந்தார். மோந்தார். நிமிர்ந்து யோசித்தார். மறுபடி குனிந்து, இந்த முறை நீளமாக மூச்சை இழுத்தார். முகத்தில் ஒரு சுளிப்பும் இல்லை. பூதக்கண்ணாடியை எடுத்து இதழின் உட்புறத்தைப் பார்த்தார். பெயர்ச்சீட்டைத் திருப்பிப் பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார்.

உரக்குழியாருக்கு உயிரே போய்விட்டது. பட்ட பாடெல்லாம் வீண்தானா? அதற்குமேல் அவரால் பொறுக்க முடியவில்லை. நடுவரின் முகத்தருகே குனிந்து, பிடித்து வைத்திருந்த மூச்சையெல்லாம் சேர்த்துவிட்டு, "எப்படிங்கம்மா இருக்கு? நாத்தம் போதுமா?" என்றார்.

நடுவர் சட்டென்று பின்வாங்கினார். பூவைப் பார்த்தார், உரக்குழியாரைப் பார்த்தார், பிறகு கைக்குட்டையை எடுத்து மூக்கில் வைத்துக்கொண்டு, மண்டபமே கேட்கும்படி சொன்னார்:

"சீட்டு மாறி வந்த செடிங்க இது, இந்தப் பூவுக்கு வாசனையே கிடையாது, நீங்கதான் கொஞ்சம் தள்ளி நின்னு பேசணும்."