பிள்ளையாருக்குப் போன மாலை

ஆயிரம் பேரைக் கொன்றவன் அரை வைத்தியன் என்பார்கள். எங்கள் அண்ணன் கொன்றது ஒருத்தியைத்தான். அந்த ஒருத்தி நான்.

இலங்கை மலையில், ஓப்பநாயக்கவுக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்தில் இருந்தது ஒரே ஒரு செஸ் பலகை. அது அண்ணனுடையது, ஆகவே சட்டமும் அவனுடையது. ராஜா நகர இடமில்லாமல் முடங்கினால் தோற்றான், அவ்வளவுதான். ராஜாவைத் தாக்கும் 'செக்' இருக்க வேண்டாமா என்று எங்கள் லயத்து வரிசை வீடுகளில் யாரும் கேட்டதில்லை. (கேட்டால் பலகையை மடித்துக்கொண்டு போய்விடுவான்.) அந்தச் சட்டத்தில் தோட்டத்துப் பையன்களை எல்லாம் மண்ணைக் கவ்வ வைத்த திமிரோடு, பதினாலு வயதில் அண்ணனோடு இரத்தினபுரிக்கு இளையோர் செஸ் போட்டிக்குப் போனேன்.

கடைசி ஆட்டம். ஜெயித்தால் கொழும்பில் அகில இலங்கைப் போட்டி. எதிரே ஒரு சிங்களப் பையன். அவனிடம் மிச்சம் ராஜா மட்டும். என்னிடம் ராணியும் ஒரு பட்டாளமும். குருடன்கூட ஜெயித்திருப்பான். நானோ ராஜாவை மூலையில் அசையவிடாமல் அடைத்துவிட்டு, எழுந்து கை நீட்டினேன். அழப்போன பையன் பலகையைப் பார்த்துச் சிரித்தான். பாவம், தோல்வியில் மூளை கலங்கிவிட்டது என்று நினைத்தேன்.

அவன் நடுவரைக் கூப்பிடுவதற்குள் நான் வாசலில் நின்ற அண்ணனிடம் ஓட, அவன் அம்மாவுக்கு ஃபோன் போட, அம்மா மாலைக்கு ஆள் அனுப்பியாகிவிட்டது. பின்னாலேயே நடுவர் மிஸ் வந்தார். செக் இல்லாமல் ராஜா முடங்கினால் ஆட்டம் சமநிலை, ஆளுக்கு அரைப் புள்ளி என்று சிங்களத்தில் பொறுமையாகச் சொன்னார்.

"எங்க தோட்டத்துல இது வெற்றிதாங்க மிஸ்" என்றான் அண்ணன், அதே சிங்களத்தில்.

"அப்படின்னா கப்பையும் உங்க தோட்டத்துலயே வாங்கிக்கங்க."

அரைப் புள்ளியில் கொழும்பு போயிற்று. புள்ளியில் முன்னால் இருந்த அந்தப் பையனுக்கு அரைப் புள்ளியே போதுமாக இருந்தது; அவன் போனான். பஸ்ஸில் வழி முழுக்க அழுதேன். அண்ணன் ஜன்னலோரம் குறட்டை விட்டுத் தூங்கினான். (தூங்குவது போல் நடித்தான். குறட்டை அவனுக்கு வராது.)

லயத்து முனையில் தப்பு மேளம் அடித்துக்கொண்டிருந்தார்கள். அம்மா மாலையோடு நின்றாள்.

"ஜெயிச்சியா இல்லியா?"

"தோக்கலம்மா."

அம்மா திரும்பிப் போய் மாலையைப் பிள்ளையாருக்குப் போட்டுவிட்டு வந்தாள். தப்பு அடித்தவர்கள் டீயை மட்டும் குடித்துவிட்டுக் கலைந்தார்கள்.

போன மாதம் எனக்கு ஆசிரியர் வேலை கிடைத்தது. கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு கத்தினேன். அண்ணன் மாலை வாங்கக் கிளம்பினான். அம்மா அடுப்படியிலிருந்து தலையைக்கூடத் திருப்பவில்லை.

"வாங்கிட்டு நேரா கோயிலுக்குக் கொண்டு போ. இவ ஜெயிச்சாளான்னு விசாரிச்சுட்டு அப்புறம் இவளுக்கு வாங்கலாம்."