எழும்பாத தடிப்பு

டாக்டர்கள் மாத்திரை சாப்பிடும் லட்சணத்தை நோயாளிகள் நேரில் பார்த்தால் ஊரில் ஒரு கிளினிக்கும் ஓடாது. நான் அலர்ஜி டாக்டர். "எந்த மாத்திரையா இருந்தாலும் அட்டையைத் திருப்பிப் படிச்சுட்டுப் போடுங்க" என்று தொண்டை வறளக் கத்துகிறவள். (எழுதப் படிக்கத் தெரியாதவர்களைக்கூட விட்டதில்லை.)

கோவில்பட்டியில் கிளினிக் திறந்த புதிதில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தேன். தும்மலும் தடிப்பும் இழுப்பும் நேரே மதுரைக்கு பஸ் ஏறின. சுற்றுவட்டார டாக்டர்கள் அங்கேதான் அனுப்பினார்கள். அவர்களை என் பக்கம் திருப்பக் கிடைத்த ஒரே வாய்ப்பு, ஞாயிற்றுக்கிழமை சிஎம்இ. படித்து முடித்த டாக்டர்களுக்கு மேற்கொண்டு பாடம் நடத்தும் கூட்டம் அது. (மதியம் பிரியாணி உண்டு. அதனால் கூட்டத்துக்குக் குறைவிருக்காது.)

வெறும் ஸ்லைடு போட்டால் தூங்கிவிடுவார்கள் என்று, என் கையிலேயே தோல் சோதனை செய்து காட்டுவதாக அறிவித்தேன். முன்கையில் மருந்துகளைச் சொட்டுச் சொட்டாக வைத்து லேசாகக் குத்தினால், உடம்புக்கு ஆகாதது கொசு கடித்த மாதிரி தடிக்கும். எனக்கு வீட்டுத் தூசி ஆகாது. கூடவே ஹிஸ்டமின் ஒரு சொட்டு. அது யார் கையிலும் தடித்தே தீரும், தடிக்காவிட்டால் சோதனை செல்லாது. அலர்ஜி மாத்திரை தடிப்பை அமுக்கிவிடும் என்பதால் என் மாத்திரையை ஒரு வாரம் முன்பே நிறுத்தினேன். அந்த வாரம் தும்மியே செத்தேன். வீட்டுக்காரருக்கு விளாத்திகுளத்தில் மிளகாய் வத்தல் வியாபாரம். பாதிக் கடையைச் சட்டையில் சுமந்துகொண்டுதான் வீட்டுக்கு வருவார்.

மேடையில் குத்தியாயிற்று. எல்லோரும் எழுந்து வந்து சூழ்ந்துகொண்டார்கள். மூத்த டாக்டரான சாமுவேல் அண்ணாச்சி செல்போன் டார்ச்சை அடித்துப் பார்த்தார்.

"ஒண்ணும் எழும்பலையேம்மா."

"எழும்பும் அண்ணாச்சி."

எழும்பவில்லை. தூசியும் இல்லை, ஹிஸ்டமினும் இல்லை. கை மொழுமொழுவென்று கிடந்தது.

"மருந்து கெட்டுப்போச்சோ?" என்று அண்ணாச்சி தன் கையை நீட்டினார். குத்தினேன். கொஞ்ச நேரத்தில் சுண்டைக்காய் அளவுக்குத் தடித்து, சொறிய ஆரம்பித்துவிட்டார்.

"மருந்துல குத்தமில்ல. உன் தோல்லதான் என்னமோ இருக்கு."

அவ்வளவுதான், எல்லோருக்கும் சுவாரசியம் தொற்றிக்கொண்டது. பிரியாணி வாசனை வந்தும் ஒருத்தரும் நகரவில்லை. ஸ்டீராய்டு எடுக்கிறாயா, குத்தினது ஆழம் பத்தலையா என்று ஆளாளுக்கு என்னைக் கேஸாக்கி விசாரித்தார்கள். எனக்கோ கிளினிக் போர்டைக் கழற்றி இறக்குவதுதான் கண்ணில் ஓடியது. இனி எவர் என்னை நம்பி ஆள் அனுப்புவார்?

"அலர்ஜி மாத்திரை ஏதும் போட்டியா?"

"ஒரு வாரமா தொடலை அண்ணாச்சி." கற்பூரம் அணைத்துச் சத்தியம் பண்ணாத குறை.

என்னைக் காரில் கூட்டி வந்த வீட்டுக்காரர் கடைசி வரிசையில் எழுந்தார். முகமெல்லாம் பெருமை.

"அவ அலர்ஜி மாத்திரை போடல சார். காலைல நான் வாங்கிக் குடுத்த சளி மாத்திரைதான். எப்படிக் கேக்குது பாத்தீங்களா? மேடை ஏறினதுல இருந்து ஒரு தும்மல் உண்டா?"

"ஏட்டி, இதப் போடு, தும்மல் நிக்கும்" என்று காப்பியோடு அவர் நீட்டியதும், ஸ்லைடைத் திருத்திக்கொண்டே நான் விழுங்கியதும் அப்போதுதான் ஞாபகத்துக்கு வந்தன. சட்டைப்பையிலிருந்து அட்டையை எடுத்து வேறு கொடுத்தார். அண்ணாச்சி அதைத் திருப்பி, ஹாலுக்கே கேட்க வாசித்தார். சளி மாத்திரைக்குள் அலர்ஜி மருந்தும் கலந்திருந்தது. சிரித்து முடிப்பதற்குள் பிரியாணி ஆறிவிட்டது.

கதை முடிந்தது என்று வீட்டில் உட்கார்ந்து அழுதேன். ஆனால் அந்தக் கூட்டத்தையும் என்னையும் எந்த டாக்டரும் மறக்கவில்லை; சில நாளிலேயே முதல் ஆள் வந்தார், பிறகு வந்துகொண்டே இருந்தார்கள். அண்ணாச்சி அனுப்பும் சீட்டில் மட்டும் இன்றுவரை ஒரு வரி மாறவில்லை: "சளி மாத்திரையை நிறுத்தியாச்சு. டாக்டரம்மாவும் நிறுத்திட்டாங்களா?"

வீட்டுக்காரர் விருந்தாளி யார் வந்தாலும் காலை நீட்டி உட்கார்ந்து சொல்கிறார்: "இவ கிளினிக் இன்னிக்கு இப்படி ஓடுதுன்னா, அது நான் குடுத்த மாத்திரைல ஓடுது."