அப்பாவின் கணக்கைத் திறந்த அட்மின்

அடுத்தவர் வீட்டு ஹாலில் தினமும் வந்து உட்கார்ந்துகொண்டு, அந்த வீட்டுச் சங்கதி ஒன்றைக்கூடத் தெரிந்துகொள்ள மாட்டேன் என்று அடம்பிடித்த மனிதர் பினாங்குத் தீவிலேயே ஒருவர்தான். அவர் எங்கள் எதிர்வீட்டு அட்மின்.

பெற்றோர் வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருந்திருக்க வேண்டும். எங்கள் அடுக்குமாடியில் அதைச் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. துறைமுகக் கிடங்கு அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். கல்யாணம் ஆகவில்லை. சட்டைப் பையில் எந்நேரமும் இரண்டு பேனா.

அப்போது எங்கள் வீட்டில் நாலு பேருக்கு ஒரே கம்ப்யூட்டர். ஒரு நாள் என் அண்ணன் சேகர், நான் தோழிக்கு எழுதி வைத்திருந்த கடிதத்தைத் தேடி எடுத்து, சாப்பாட்டு நேரத்தில் குரல் ஏற்ற இறக்கத்தோடு வாசித்தான். நான் மீ கோரெங் தட்டை அவன் மேல் வீசினேன். சத்தம் கேட்டு உள்ளே வந்த அட்மின், அவன் தலையில் தொங்கிய மஞ்சள் நூடுல்ஸையும் கம்ப்யூட்டரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நாலு பேருக்கும் ஒரே அக்கவுண்ட்டா? அப்பறம் சண்ட வராம என்ன வரும்?" என்றார்.

மறுநாள் குறிப்பேட்டோடு வந்து ஆளுக்கொரு கணக்கு திறக்க ஆரம்பித்தார். எல்லாக் கணக்கையும் திறக்கவல்ல நிர்வாகிக் கணக்கு, அதாவது அட்மின் கணக்கு, அவர் பொறுப்பில்; அவருக்கு அந்தப் பெயர் வந்ததும் அதனால்தான். கடவுச்சொல்லை நாங்கள் தட்டும்போது அவர் எழுந்து போய்ச் சுவரைப் பார்த்து நின்றுகொள்வார். சேகருக்கும் எனக்கும் சுலபமாக முடிந்தது. அம்மாவிடம்தான் மாட்டிக்கொண்டார்.

"மல்லிகான்னு போடவா அண்ணே?" என்றார் அம்மா.

"இப்ப எனக்குத் தெரிஞ்சி போச்சில்ல தங்கச்சி. வேற வைங்க."

"அப்ப ரோஜா?"

"அதையும் சொல்லிட்டீங்களே."

மூன்றாவது தடவை அம்மா வாயைத் திறந்ததும் அட்மின் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு படிக்கட்டு வரை போய்விட்டார். அம்மா தட்டி முடித்த பிறகு நான் போய்க் கூட்டிக்கொண்டு வந்தேன்.

கடைசியாக அப்பா. பஸ் ஓட்டுநர். அதிகம் பேச மாட்டார். "எனக்கு எதுக்குண்ணே இதெல்லாம்?" என்றார்.

"இந்த வீட்ல உங்களுக்குன்னு என்ன இருக்கு தம்பி?" என்று கேட்டார் அட்மின்.

அப்பா கதவுக்குப் பின்னால் சீருடை மாட்டும் ஆணியைக் காட்டினார். எங்களுக்குச் சிரிப்பு வந்தது. அட்மின் சிரிக்கவில்லை. நாற்காலியை அப்பா பக்கம் தள்ளிவிட்டுச் சுவரைப் பார்க்கப் போய்விட்டார்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் சட்டமும் ஒழுங்கும் வந்தது. எழுந்து போகுமுன் கணக்கை மூட வேண்டும். மூடினோமா என்று பார்க்க அட்மின் தினமும் ஆறு மணிக்கு வருவார். ஒரு நாள் சேகர் குளிக்கும்போது குளியலறைக் கதவைத் தட்டினார்.

"சேகர், கதவத் தொறந்து போட்டுட்டு வந்திட்டியே."

"பூட்டித்தானே இருக்கு அங்கிள்."

"இந்தக் கதவு இல்ல. கம்ப்யூட்டர்ல."

சேகர் துண்டோடு வந்து மூடிவிட்டுப் போகும் வரை அட்மின் திரைக்கு முதுகைக் காட்டிக் காவல் நின்றார்.

அப்பாவும் மாறினார். வேலை முடிந்து வந்து, குளித்து, கம்ப்யூட்டர் முன் அரை மணி நேரம் உட்காருவார். ஒற்றை விரலால் எதையோ தட்டுவார். யாராவது பக்கத்தில் போனால் கை நின்றுவிடும். "யாருக்கு லவ் லெட்டர்?" என்று அம்மா கேலி செய்வார். அப்பா காதோரம் சிவக்கச் சிரிப்பார்.

இரண்டு வருடம்கூட ஆகவில்லை. ஒரு காலையில் பஸ் பணிமனையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த அப்பா எழுந்திருக்கவில்லை. மறுநாள் உடலை ஹாலில் கிடத்தியபோது மாலை போட ஒரு நல்ல படம் இல்லை. ஐசி அடையாள அட்டையில் இருந்த படத்தில் அவர் ஏதோ தப்பு செய்து பிடிபட்டவர் மாதிரி இருந்தார். கொடிமலைக்குப் போனபோது எடுத்த படம் ஒன்றை அப்பா தன் கணக்கில் போட்டு வைத்திருந்தது சேகருக்கு ஞாபகம் வந்தது.

அட்மினைக் கூப்பிட்டோம். விஷயத்தைச் சொன்னதும் தலையை ஆட்டினார்.

"அவரு பாஸ்வர்ட எனக்குத் தரல. உங்களுக்கும் தரல."

"நீங்கதானே அட்மின். உங்களால தொறக்க முடியும்லா?"

"முடியும். தொறக்கக் கூடாது."

"அப்பாதான் இல்லியே அங்கிள்," என்று சேகர் உடைந்து அழுதான்.

"இல்லன்னா உள்ள போயிடலாமாய்யா?"

உறவினர்கள் முணுமுணுத்தார்கள். சித்தப்பா கையை ஓங்கிக்கொண்டே வந்துவிட்டார். அப்போது அப்பாவின் தலைமாட்டிலிருந்து அம்மா சொன்னார்: "நீங்களே எடுங்கண்ணே. நாங்க யாரும் பாக்க மாட்டோம்."

அட்மின் எல்லாரையும் திரும்பிக்கொள்ளச் சொன்னார். ஹாலில் இருந்த இருபது பேரும், சித்தப்பாவும், மாலை கொண்டுவந்த பூக்கடைக்காரரும் சுவரைப் பார்த்து நின்றோம். எனக்கு அழுகையோடு சிரிப்பும் முட்டியது. பின்னால் கம்ப்யூட்டர் எலி சொடுக்கும் சத்தம். அப்புறம் அந்தச் சத்தமும் நின்றது. ஒரு படம் எடுக்க அவ்வளவு நேரம் ஆகாது. யாரும் திரும்பவில்லை.

"முடிஞ்சிது," என்றபோது அவர் கண் சிவந்திருந்தது. தானே படக்கடைக்குப் போய்ப் பெரிதாக்கிக் கொண்டுவந்தார்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் அட்மின் அம்மாவின் கையில் ஒரு துண்டுச் சீட்டைக் கொடுத்தார். நிர்வாகிக் கணக்கின் கடவுச்சொல்.

"இனிமே நீங்கதான் அட்மின் தங்கச்சி. கேக்காம ஒருத்தர் கணக்குக்குள்ள போயிட்டேன். எனக்கு இது வேணாம்."

அன்றிலிருந்து ஆறு மணிக்கு அவர் வரவில்லை. எதிர்ப்பட்டால் நடைபாதையில் நின்றபடி நலம் விசாரிப்பார், அவ்வளவுதான். அம்மா அந்தச் சீட்டைப் பயன்படுத்தவில்லை. ஒரு மழைக்காலத்தில் கம்ப்யூட்டர் படுத்துவிட்டது. பழுது பார்க்க வந்தவர், உள்ளே இருந்த எதையும் மீட்க முடியாது என்று சொல்லிவிட்டார். அப்பா தட்டி வைத்தது எதுவோ, அது அட்மினுக்கு மட்டும்தான் தெரியும்.

அவர் பிறகு தீவுக்கு அக்கரையில் கெப்பாலா பத்தாஸில் தன் தங்கை வீட்டோடு போய்விட்டார். போன மாதம் பார்க்கப் போனேன். மெலிந்துபோயிருந்தார். தேநீர் குடித்து முடித்ததும் கேட்டேவிட்டேன்.

"அங்கிள், அப்பா அதுல என்ன எழுதி வச்சிருந்தாரு?"

ஜன்னல் பக்கம் பார்த்தார். "ஞாபகம் இல்லம்மா. வயசாச்சில்ல."

வாசல் வரை வழியனுப்ப வந்த தங்கையிடம், அங்கிளுக்கு மறதி வந்துவிட்டதே என்று வருத்தப்பட்டேன்.

"யாருக்கு, இவருக்கா?" என்றார் அவர். "நேத்துகூட துறைமுகத்துல கூட வேல பாத்தவங்க பேரெல்லாம் வரிசையா சொன்னாரு."

திரும்பும்போது ஃபெர்ரியில் மேல்தளத்தில் உட்கார்ந்திருந்தேன். அந்தப் பொய்க்காக அவர் மேல் கோபம் வரும் என்று காத்திருந்தேன். கரை வந்து சேர்ந்தது, கோபம் வரவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அம்மாவையும் கூட்டிக்கொண்டு அவரைப் பார்க்கப் போக வேண்டும் என்றுதான் தோன்றியது.