மூவாயிரம் பேரை அழித்த ஸ்பாம் மாஸ்டர்

என் ஆயுளில் நான் இறைவனிடம் மன்னிப்புக் கேட்க வேண்டிய கோபங்களில் முக்கால்வாசி ஒரே மனிதரால் விளைந்தவை. கொழும்பு வெள்ளவத்தையில் அவரை எல்லாரும் ஸ்பாம் மாஸ்டர் என்றே அழைத்தார்கள். பெற்றோர் இட்ட பெயர் ஒன்று இருந்திருக்கும். அதைக் கேட்டறியும் துணிவு எவருக்கும் வரவில்லை. அவரிடம் நேரம் என்ன என்று கேட்டாலும் விடை மின்னஞ்சலில் போய் முடியும்.

காலி வீதி என்னும் நெடுஞ்சாலையிலிருந்து கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கை ஒன்றில், ஒரு கட்டடத்தின் மேல்மாடியில் எங்கள் பண்ணிசைச் சபை நடந்தது. கீழ்மாடியில் மாஸ்டரின் கொமியூனிகேஷன் கடை. தொலைபேசிக் கூண்டுகள் இரண்டு, ஃபோட்டோ கொப்பி இயந்திரம் ஒன்று, கணினிகள் நான்கு. கொட்டாஞ்சேனைக் கத்தோலிக்கரான அவர் நாள்தோறும் பஸ் மாறி வந்து கடை திறப்பார். யுத்த காலம் அது. பஸ் ஓடிய நேரத்தைவிடச் சோதனைச் சாவடியில் இறங்கி ஏறிய நேரம் அதிகம் என்பார்.

சபையின் செயலாளர் அடியேன். வெள்ளிதோறும் ஒரு பதிகம், அதற்குப் பொழிப்புரை, புலம்பெயர்ந்த பேரப்பிள்ளைகளுக்காக ஆங்கில விளக்கம், உச்சியில் இறைவனின் வண்ணப்படம் ஆகியவற்றை ஒருங்கு சேர்த்து, மாஸ்டர் கடைக் கணினியிலிருந்து மூவாயிரம் பேருக்கு அனுப்பி வந்தேன். அந்த மூவாயிரம் விலாசங்களும் கல்யாண வீடுகளிலும் அந்தியேட்டிக் கருமக்கிரியை வீடுகளிலும் நானே கொப்பியும் பேனையுமாக நின்று திரட்டியவை. கடைசி இரண்டு ஆண்டுகளாக அநேகமாக எவரும் பதில் எழுதவில்லை. வாசித்தவர்கள் வாயடைத்துப் போய்விட்டார்கள் என்று நான் மகிழ்ந்திருந்தேன்.

ரொறன்ரோவிலிருந்து மருமகன் தொலைபேசியில் கேட்டபோதுதான் அந்த மகிழ்ச்சி கலைந்தது. “மாமா, முந்தி கடிதம் எழுதுவியள். இப்ப ஏன் நிப்பாட்டிப் போட்டியள்?”

படியிறங்கிப் போய் மாஸ்டரைப் பிடித்தேன். அவர் பத்து வெவ்வேறு நிறுவனங்களில் பத்து அஞ்சற்பெட்டிகள் வைத்திருந்தார். எந்தக் கடிதத்தையும் முதலில் அந்தப் பத்துக்கும் அனுப்பி, ஒவ்வொன்றிலும் அது எங்கே போய் விழுகிறது என்று திறந்து பார்ப்பது அவருடைய வழிபாடு. என் பதிகத்தை அனுப்பினார். திறந்தார். பத்திலும் ஸ்பாம் என்ற குப்பைக்குள் கிடந்தது.

முப்பத்திரண்டு ஆண்டுகள் தபாலதிபராக இருந்தவன் நான். முத்திரை ஒட்டிய கடிதத்தைத் தபாற்காரர் தாமே பிரித்து வாசித்து, பிடிக்கவில்லை என்று குப்பையில் போட்டிருந்தால் அன்றே அவர் வேலையை இழந்திருப்பார்.

“ஆர் இதைச் செய்யிறது? ஆளின்ர பெயரைச் சொல்லும்!”

“ஆள் இல்லை ஐயா. மெஷின்.”

“மெஷினுக்கு ஆர் அதிகாரம் குடுத்தது?”

மாஸ்டர் ஒரு மென்பொருளைத் திறந்தார். கடிதத்தின் குற்றங்களுக்கு அது புள்ளி போடும். ஐந்து புள்ளி தாண்டினால் கடிதம் குப்பைக்குப் போகும். என் பதிகம் பதினொன்று வாங்கியது. அவர் பரீட்சை முடிவு வாசிப்பதுபோல் வாசித்தார்.

“இங்கிலீஷ் விளக்கத்தைப் பாருங்கோ ஐயா. ‘நேக்கட்’ எண்டு ரெண்டு இடத்தில கிடக்கு.”

“இறைவன் ஆடையில்லாமல் பிச்சைக்கு வந்தார், ஐசே! அதை வேறெப்படி எழுதுறது?”

“‘டிஸீஸ்’ இருக்கு. ‘மெடிசின்’ இருக்கு. ‘ஃப்ரீ’ மூண்டு தரம்.”

“பிறவி நோய்க்கு அவர்தான் மருந்து. அதை அவர் இலவசமாத்தான் தாறார்!”

“உங்களுக்கும் எனக்கும் தெரியும். மெஷின் உங்களைக் கள்ள மருந்துக் குளிசை விக்கிற ஆள் எண்டெல்லோ நினைக்குது.”

திருநீறு அணிந்த நெற்றியோடு நின்ற என்னை அவர் பார்த்த பார்வையில் சிரிப்பு இருந்தது. அந்தச் சிரிப்புக்காக நான் அவரோடு மூன்று வாரம் பேசவில்லை.

நான் பேசாவிட்டாலும் அவர் விடவில்லை. மாடிப்படியில் மறித்து விளக்கம் சொல்வார். “ஐயா, செக்பொயின்ற்றால நீங்க எப்பிடிப் போவியள்? ஐடென்டிற்றி கார்ட்டைக் கையில வச்சுக்கொண்டு, மெதுவா, சத்தமில்லாமத்தானே? உங்கட கடிதம் மட்டும் ஏன் மேளம் அடிச்சுக்கொண்டு ஓடுது? தலைப்பில எல்லாம் பெரிய இங்கிலீஷ் எழுத்து. பின்னால மூண்டு ஆச்சரியக்குறி. தோளில ரெண்டு மெகாபைட் படம் ஒரு மூட்டை. இறக்கிச் சோதிக்க மாட்டானே?”

சபைக்கென்று சொந்தமாக இணைய விலாசம் ஒன்று எடுக்க வைத்தார். எந்தக் கணினி எங்கள் பெயரில் கடிதம் அனுப்பலாம் என்று பகிரங்கமாக ஒரு பதிவும் எழுதி வைத்தார். “வீட்டில ஆர் ஆர் இருக்கினம் எண்டு பொலிசில பதிஞ்சு பதிவுத் துண்டு எடுக்கிறமெல்லோ, அதுதான் இது.”

இதைக் கேட்டபோது என் கோபம் இரட்டித்தது. சொந்த நாட்டில் தெருவில் நடக்க நான் துண்டு காட்ட வேண்டியிருந்தது போதாதா? இறைவன் புகழும் துண்டு காட்டித்தான் போக வேண்டுமா? அவர் சொன்ன எல்லாவற்றையும் வேண்டாவெறுப்பாகச் செய்தேன். ஒன்றுக்கு மட்டும் இணங்கவில்லை. மூவாயிரம் பேரில் பதில் எழுதாதவர்களை நீக்கிவிட வேண்டும் என்று அவர் நச்சரித்தார். “கேளாத ஆக்களுக்கு அனுப்பினா அவை ஸ்பாம் எண்டு அமத்துவினம் ஐயா.” பக்தியைக் கேட்டுக்கொண்டா கொடுப்பார்கள் என்று கத்திவிட்டு மேலே வந்துவிட்டேன்.

அந்த ஆண்டுதான் ஓதுவார் ஐயாவுக்கு நெருக்கடி வந்தது. எங்கள் சபையில் பண் பயிற்றுவித்தவர் அவர். எட்டு ஆண்டுகளுக்கு முன் கண் சத்திரசிகிச்சைக்காக யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, பக்கத்து லொட்ஜ் அறையிலேயே தங்கிவிட்டவர். லொட்ஜுகளில் இருப்போர் தக்க காரணம் காட்டாவிட்டால் ஊருக்குத் திருப்பி அனுப்பப்படுவர் என்று பொலிசார் சொல்லிவிட்டுப் போனார்கள். அவருக்கோ திரும்பிப் போக வீடில்லை. அது இராணுவ வேலிக்குள் போய்ப் பல காலம். அவர் தங்க இரண்டு காரியங்கள் சேர வேண்டும் என்று சட்டத்தரணி சொன்னார். ஓதுவார் ஐயாவிடம் பயின்றவர்களிடமிருந்து முப்பது கடிதமாவது வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும். சபையைச் சேராத, கொழும்பில் நிரந்தர விலாசமுள்ள ஒருவர் பொறுப்பாளியாகவும் வேண்டும். பயின்றவர்களோ உலகெங்கும் சிதறியிருந்தார்கள். அன்று திங்கட்கிழமை.

நேரே கீழே போனேன். “மாஸ்டர், மூவாயிரம் பேருக்கும் இப்பவே அடியும். ‘மிக மிக அவசரம்’ எண்டு பெரிசாப் போடும்.”

“மாட்டன்.”

“என்ன சொன்னீர்?”

“செத்த விலாசமே ரெண்டாயிரம் இருக்கும். அவ்வளவும் முட்டித் திரும்பி வந்தா, மெஷின் மிச்சப் பேருக்கும் கதவைச் சாத்திப் போடும். ஒருத்தருக்கும் போகாது ஐயா. ஓதுவார் ஐயா லொறியில ஏறின பிறகுதான் எல்லாரும் குப்பைக்குள்ள பாப்பினம்.”

சொல்லிக்கொண்டே, நான் பதிகம் அனுப்பத் தொடங்கிய ஏழு ஆண்டுகளில் ஒரு வரியேனும் பதில் எழுதியவர்களைத் தனியே பிரித்தார். எண்பத்தாறு பேர். அதிலும் ஒருவர் எழுத்துப்பிழையைத் திட்ட எழுதியவர். எஞ்சிய பட்டியலை என் கண் முன்னே ஒரு பொத்தானில் அழித்தார்.

நான் அவரைச் சொன்ன சொற்களை இங்கே எழுத இயலாது. ஓதிப் பழகிய நாவில் அத்தகைய சொற்கள் இருந்தன என்பதே எனக்குப் புதினமாக இருந்தது. ஃபோட்டோ கொப்பி எடுக்க வந்த அம்மா ஒருவர் தாளை விட்டுவிட்டு வெளியேறினார்.

மாஸ்டர் எல்லாவற்றையும் கேட்டு முடித்துவிட்டு, “இப்ப எழுதுவமே?” என்றார்.

படம் இல்லை. ஆங்கிலம் இல்லை. ‘ஓதுவார் ஐயாவுக்கு உங்கள் கடிதம் ஒன்று வேண்டும்’ என்பதே தலைப்பு. உள்ளே ஏழு வரி. ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி விளித்து, பத்துப் பத்தாக, இடைவெளி விட்டு அனுப்பினார். நான் வாசலில் மேலும் கீழும் நடந்து அவரைச் சபித்துக்கொண்டிருந்தேன். முதற்பதில் ஒஸ்லோவிலிருந்து அரை மணியில் வந்தது. வியாழன் மாலை வரை ஐம்பத்தொரு கடிதங்கள். எழுத்துப்பிழைக்காரர் இரண்டு எழுதியிருந்தார்.

வெள்ளி காலை பொலிஸ் நிலையம். பொறுப்பாளியாக வருகிறோம் என்று சொல்லியிருந்த, சபைக்கு வெளியேயுள்ள அபிமானிகள் நால்வருக்கும் அன்று ஒரே நேரத்தில் காய்ச்சல். மாஸ்டர் கடையைப் பூட்டிவிட்டு, கையில் ஒரு பெரிய கட்டோடு வந்து நின்றார்.

இன்ஸ்பெக்டர் கடிதங்களைப் புரட்டிவிட்டுச் சிங்களத்தில் கேட்டார். “இவற்றை நீங்களே கடையில் இருந்து எழுதவில்லை என்பதற்கு என்ன சாட்சி?”

மாஸ்டரின் முகம் மலர்ந்தது. ஆயுள் முழுவதும் இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவரின் மலர்ச்சி அது. கட்டை அவிழ்த்தார். ஐம்பத்தொரு கடிதங்களும் எந்தக் கணினியிலிருந்து புறப்பட்டன, வழியில் எந்தெந்தக் கணினிகள் எந்த வினாடியில் கைமாற்றின என்ற விபரங்கள் முந்நூறு பக்கங்களில் அச்சாகியிருந்தன. முதற்பக்கத்தில் தொடங்கினார். தம் அருமையான சிங்களத்தில், வரி வரியாக, விரல் வைத்து விளக்கினார். இன்ஸ்பெக்டர் இருமுறை எழும்ப முயன்றார். மாஸ்டர் இருமுறையும் இருத்தினார். ஒஸ்லோ கடிதம் ஃபிராங்ஃபர்ட்டைத் தாண்டுமுன் தேநீர் வந்து ஆறியது. ஒன்பதாவது கடிதத்தில் இன்ஸ்பெக்டர் இரு கைகளாலும் தலையைப் பிடித்துக்கொண்டார்.

“எத்தி, மாத்தயா, எத்தி!” போதும் ஐயா, போதும். ஓதுவார் ஐயா இருக்கலாம்.

பெரிய பதிவேடு ஒன்றைத் தள்ளினார்கள். யார் கண்ணிலும் படாமல் சாவடி தாண்டும் வித்தையை ஊருக்கெல்லாம் போதித்த அந்த மனிதர் தம் முழுப் பெயரையும் அடையாள அட்டை இலக்கத்தையும் கொட்டாஞ்சேனை வீட்டு விலாசத்தையும் அதில் நிறுத்தி நிதானமாக எழுதினார்.

ஓதுவார் ஐயா மறுநாளே வகுப்பெடுத்தார். நான் நன்றி சொல்லவில்லை. மூவாயிரம் பேரின் துக்கம் எனக்கு ஆறியிருக்கவில்லை. போதாததற்கு, அதன் பின் ஒவ்வொரு மாதமும் ஒரு திங்கட்கிழமை கடை பகல் வரை பூட்டிக் கிடந்தது. கேட்டால், “ஒரு சின்ன அலுவல் ஐயா” என்பார். பொறுப்பில்லாத மனிதர் என்று ஐந்து மாதங்கள் திட்டினேன். ஆறாம் மாதம் சட்டத்தரணி வேறேதோ பேச்சில் சொன்னார். பொறுப்பாளி மாதம் ஒருமுறை நிலையத்துக்குப் போய், கூப்பிடும்வரை காத்திருந்து, ஒப்பமிட வேண்டுமாம்.

அடுத்த முறை நானும் போனேன். நிலையத்துச் சுவரோரம் நீண்ட மர வாங்கில் தனியே உட்கார்ந்திருந்தார்.

“ஐயா, நீங்க ஏன் வந்தனீங்கள்?”

“உம்மில உள்ள கோபத்தில வந்தனான். தள்ளி இரும்.”

தள்ளி இருந்தார். பிறகு, ஒருவர் கடிதத்தைத் திறந்தாரா இல்லையா என்று கண்டறியப் புதிதாக ஒரு வழி வந்திருப்பதைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். எனக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. அவர் பெயரைக் கூப்பிடும்வரை நான் ஒருமுறையும் குறுக்கே பேசவில்லை.