பதினெட்டுக் குடமும் பூஜ்யம் வேலையும்

இலஞ்சியில் ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரைக்கு மோட்டார் புகைந்து நின்றது. அது நின்ற மறு நிமிஷமே இராமலட்சுமி கணக்குச் சொல்லிவிட்டாள். தொட்டி நிறையப் பதினெட்டுக் குடம். தெருக் குழாய்க்கு அறுபத்திரண்டு தப்படி. ஆளுக்கு ஒன்பது.

அவள் புருஷன் வல்லிநாயகம் கடிகாரத்தைப் பார்த்தார். இயற்பியல் வாத்தியார். எட்டு மணிக்கு நண்பர் மந்திரமூர்த்தி மனைவியோடு காரில் வந்து அவரை ஐந்தருவிக்குக் கூட்டிப்போவதாகப் பேச்சு. சாரல் விழுந்த நாளிலிருந்து விரல் விட்டு எண்ணிக் காத்திருந்த குளியல் அது. ஒன்பது குடம் சுமந்தால் அருவிக்கா போக முடியும்? ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும்.

ஆகவே குடத்தைத் தூக்காமல் டேப்லெட்டைத் தூக்கினார். ஒன்பதாம் வகுப்புக்குப் பாடம் காட்டும் செயலி அதில் இருந்தது. கேமராவில் தெரிகிற நிஜப் பொருளின் மேலேயே அம்புக்குறி போட்டு, எந்த விசை எந்தப் பக்கம் என்று காட்டும். முதல் குடத்தை இடுப்பில் ஏந்தி வந்த மனைவியை அதில் பிடித்தார்.

"இங்க பாரு. ஒன் கை குடத்தை மேல தாங்குது, நீல அம்பு. நீ நடக்கது நேரா, பச்சை அம்பு. ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு செங்குத்து. கீழ என்ன போட்டிருக்கு?"

"வேலை, பூஜ்யம்."

"அதான். சொமந்துட்டு நடக்கது வேலையே இல்ல. இல்லாத வேலையில எதுக்குப் பங்கு கேக்க?"

அவள் கோபப்படவில்லை. அப்போதே அவர் பயந்திருக்க வேண்டும்.

"அப்போ எதுதான் வேலை?"

சந்தேகம் கேட்டால் எந்த வாத்தியாருக்கு வாய் சும்மா இருக்கும்? கீழே இருப்பதை மேலே தூக்கி வைத்தால் அதுதான் வேலை என்று, நீட்டி முழக்கி விளக்கியும் விட்டார்.

"சரி. அந்த வேலை பூராவும் நான் செய்யுதேன். குழாயடியில ஒங்க தோள்ல தூக்கி வைக்கேன். நீங்க சும்மா நடங்க."

மறுத்துப் பேச அவர் பாடத்தில் இடமில்லை. நடந்தார். நாலாவது குடத்தில் முழங்கால் முனகியது. அலுப்பாக இருக்கிறது என்று மெல்லச் சொல்லிப் பார்த்தார். அவள் கேமராவை அவர் பக்கம் திருப்பி, பூஜ்யம்தான் காட்டுது என்றாள்.

பதினோராவது குடம் தோளில் இருக்கும்போது கார் வந்து நின்றது. மந்திரமூர்த்தி தலையை நீட்டி, என்ன சார், வேலை அதிகமோ என்றார்.

"வேலையெல்லாம் நான்தான் அண்ணாச்சி செய்யுதேன். இவுக சும்மா நடந்துக்கிட்டிருக்காவ," என்றாள் இராமலட்சுமி. உள்ளே போனவள் துண்டும் எண்ணெய்ப் புட்டியுமாக வந்து, பின் கதவைத் திறந்து மந்திரமூர்த்தியின் மனைவி பாலம்மாள் பக்கத்தில் உட்கார்ந்தாள். வேலை செய்தவளுக்குத்தானே அலுப்பு இருக்கும், குளித்துவிட்டு வந்துவிடுகிறேன் என்றாள்.

"ஏட்டி, இன்னும் ஏழு குடம் கெடக்கு. தோள்ல யாரு தூக்கி வைப்பா?"

"நீங்களே வச்சுக்கிடுங்க. கொஞ்சம் வேலையாவது ஒங்க கணக்குல ஏறட்டும்."